பதினேழாம் துளையின் பன்னிரண்டு பெட்டிகள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. மூன்று கடிதத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். பதிலாக வந்தது ஒரு சுறாமீன் பல், அதுவும் மகள் பெயருக்கு. எனக்கு ஒரு வரி எழுதினால் உங்கள் கை தேய்ந்தா போய்விடும். போகட்டும், இது சண்டைக் கடிதம் இல்லை. உங்கள் பாலைவன முகாமில் போன் எடுக்காது, தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் தபாலைத் தூக்கி வரும் என்பதால் ஒன்று விடாமல் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

அந்தப் பல்லை உங்கள் மகள் நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறாள். பள்ளிக்கூடம் விட்டு, துளைத்தெடுத்த கல்லை நான் அடுக்கி வைக்கிற கொட்டகைக்கு வந்தபோது நம் ஜியாலஜிஸ்ட் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். அவருக்குக் கதை சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் போதாதா. நீங்கள் இப்போது துளைக்கிற இடம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததாம். மீன் எலும்பும் பல்லும் விழுந்து சேர்ந்து இறுகிப் பழுப்புப் பாறை ஆகிவிட்டதாம். இங்கே நம் பக்கம் கடலும் இல்லை, மீனும் இல்லை. பூமிக்குள் கொதித்த குழம்பு மெல்ல மெல்ல ஆறி, அதில் பச்சைப் பச்சையாக ஆறு பட்டைப் படிகங்கள் விளைந்திருக்கின்றன. அங்கே அப்படி, இங்கே இப்படி, ஆனால் இரண்டும் அபடைட் என்கிற ஒரே கனிமம்தான் என்றார். அநேகமாக எல்லாப் பாறையிலும் இது பொடிப்பொடியாகக் கொஞ்சம் இருக்குமாம், வெட்டி எடுக்கிற அளவுக்குத் திரண்டு கிடப்பது சில இடத்தில்தானாம். "உன் வாயில இருக்கிற பல்லும் இதே குடும்பம்தான் பாப்பா" என்று வேறு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் பல் தேய்க்கக் கூப்பிட்டால், "அபடைட்டைத் தேய்ச்சுட்டு வரேன்மா" என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவில் நாற்பத்திரண்டு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆறு மாதத்தில் எல்லாரும் காலி செய்ய வேண்டும். தெருவைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் பள்ளம் வெட்டப் போகிறார்கள். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா நோட்டீசைக் கிழித்து எடுத்து வந்து என் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக இந்தத் தெருவின் சட்டையும் பாவாடையும் அவர் கையால் தைத்தது. "வேற ஊர்ல யாரு என்னை நம்பி துணி குடுப்பாங்க" என்று கேட்டார். டீ போட்டுக் கொடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் போட்ட பதினேழாம் துளை. நினைவிருக்கும். தெரு முழுக்க வீடாக இருந்ததால் வண்டியை நிறுத்த இடமில்லாமல், குழாயடிக்குப் பக்கத்து வெற்றிடத்தில் அந்த ஒரே துளையைத்தான் போட்டீர்கள். பாறை தொடங்கிய பத்து மீட்டருக்குள்ளேயே கொழுத்த பச்சைப் பட்டை, அபடைட் அடுக்கு, இருக்கிறது என்று அதன் அறிக்கை சொல்கிறது. அவ்வளவு மேலே கிடைத்தால் எந்தக் கம்பெனி விடும்.

போன வாரம் நம் மேலாளர் கொட்டகைக்கு வந்தார். சரிசரி என்று நாம் வைத்த பெயர் அவருக்கு இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தான் நினைத்ததையே செய்வார். தலைமை ஆபீசிலிருந்து பெரியவர்கள் வரப்போகிறார்களாம், மேசை மேல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பதினேழிலிருந்து அழகான படிகம் ஒன்று வேண்டுமாம். அந்தத் துளையின் உருளைக் கற்களை ஆழ வரிசையில் அடுக்கிய பன்னிரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாம் பெட்டியின் கடைசித் துண்டில் கட்டைவிரல் பருமனில் ஒன்று இருந்தது. ஆறு பட்டை, கண்ணாடி மாதிரிப் பச்சை. ஆனால் பாதிதான். பெட்டி நிறைந்ததும் மிச்ச உருளைக் கல்லைச் சுத்தியலால் தட்டி முறித்து அடுத்த பெட்டியில் வைப்பீர்களே, அந்த அடியில் முறிந்திருக்கிறது.

மறு பாதி மூன்றாம் பெட்டியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். இல்லை. அங்கே சாம்பல் கல்தான் இருந்தது. எங்கே போயிருக்கும் என்று தேடினேன். கடைசியில் முதல் பெட்டியின் முதல் துண்டில் கிடைத்தது. இரண்டையும் கையில் எடுத்துச் சேர்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. 

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. முதல் பெட்டியின் முதல் துண்டுதான் துளையின் உச்சி. அதற்கு மேலே வேறு கல் இருக்க வழியே இல்லை. மண், குழாயடி, வானம், அவ்வளவுதான். அதன் தலையில் இன்னொரு துண்டு வந்து உட்காருகிறது என்றால் அது முதல் பெட்டி இல்லை, பன்னிரண்டாம் பெட்டி. இரண்டு என்று எழுதியிருப்பது பதினொன்று. அறுபது மீட்டரும் அப்படியே தலைகீழாக இருக்கிறது. பச்சைப் பட்டை பத்து மீட்டருக்குள் இல்லை, ஐம்பதுக்குக் கீழே கிடக்கிறது. ஐம்பது மீட்டர் வெறுங்கல்லை வெட்டிக் கொட்டிவிட்டு அதை எடுக்க யாரும் வரமாட்டார்கள். நம் தெருவைப் பெயர்க்கவும் காரணம் இல்லை.

நம்பர் போட்டது யார் என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நான்தான். நீங்கள் ஆழத்தைச் சாக்பீசால் எழுதி வைத்து, துளை முடிந்த சாயங்காலம் உட்கார்ந்து, பெட்டிக்குள் வைக்கிற ஒவ்வொரு மரக்கட்டையிலும் ஆணியால் கீறுவீர்கள். அன்று உட்கார உங்களுக்கு நேரமில்லை. வழியில் மழை பிடித்து, லாரி வந்து சேர்ந்தபோது கட்டைகளில் ஓர் எழுத்து இல்லை. மேலே இருந்த பெட்டியை முதலில் இறக்கினார்கள், நான் அதற்கு ஒன்று என்று போட்டேன். கடைசியாக ஏற்றியதுதான் மேலே இருக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். முறிவோடு முறிவைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நம்பர் போட வேண்டும். பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன், அன்று செய்யவில்லை.

அன்று என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். மகள் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட நாள். நீங்கள் ஓடிப் போய் ஆஸ்பத்திரியில் நின்றீர்கள், நான் தாமதமாக வந்து சேர்ந்தேன். ஏன் தாமதம் என்று நீங்கள் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நானும் வீம்புக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒரே வீட்டில் அப்படியே இருந்துவிட்டு அந்தப் பாலைவன வேலைக்கு நீங்களாகவே பெயர் கொடுத்துப் போனீர்கள். இப்போதும் அதைச் சொல்லப் போவதில்லை, அது வேறு கணக்கு.

எனக்கு வேண்டியது உங்கள் சட்டைப்பை நோட்டு. துளைக்கும்போது எத்தனையாவது மீட்டரில் தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது, கல் இளகியதா இறுகியதா என்று கிறுக்கி வைப்பீர்களே, அதுதான். அடுத்த லாரியில் அனுப்பி வையுங்கள். வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு ஐந்தே வரி. நோட்டைக் காணோம். நோட்டுக்குப் பதிலாக உபதேசம் வந்திருக்கிறது. "மேனேஜர் வயர்லெஸ்ல பேசினாரு. பேசாம கையெழுத்துப் போட்டுடு. இங்க நமக்கு வீடு தர்றாங்களாம். நீயும் பாப்பாவும் கிளம்பி வந்துடுங்க." இதை எழுதத்தான் பேனாவை எடுத்தீர்களா.

அந்த ஆள் உங்களிடம் எதைச் சொன்னார், எதை முழுங்கினார் என்று தெரியவில்லை. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். முறிந்த படிகத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். தப்பு என்னுடையது, பெட்டி வரிசை தலைகீழ், நோட்டீசை நிறுத்துங்கள் என்றேன். சரி சரி என்றார். மறுநாள் ஒரு தாளை நீட்டினார். பதினேழாம் துளையின் பெட்டி வரிசை சரிபார்க்கப்பட்டது, பிழை ஏதும் இல்லை என்று டைப் அடித்து, கீழே என் பெயரும் இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

முடியாது என்றேன். அப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ரொம்பப் பாசமாகப் பேசினார். "பாரும்மா, திட்டம் மேல போயாச்சு. இனிமே தோண்டக்கூடாதுன்னு சொன்னா யார் தலை உருளும்? உங்க வீட்டுக்காரர் சாக்பீஸ்ல எழுதினதுதானே முதல் தப்பு. கையெழுத்துப் போட்டா ரெண்டு பேருக்கும் நல்லது. போடலைன்னா ரெண்டு பேர் வேலையும் போகும். இல்ல, தப்புன்னுதான் எழுதணும்னா முழுசா அவர் பேர்ல எழுதிடு, நீயாவது தப்பிச்சுக்கலாம்." எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நீங்கள் என்னோடு பேசாமல் இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கலாம். அதற்காக உங்களை விற்று நான் தப்பிக்கிற ஆள் என்று அவர் எப்படி நினைத்தார். எழுந்து வந்துவிட்டேன்.

கண்ணாடிக்காரரைத் தனியாகப் பிடித்தேன். என் நம்பரை நம்பி அறிக்கை எழுதியவர் அவர். இரண்டு பாதியையும் கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியை நாலு தடவை துடைத்தார். "ரிப்போர்ட் எழுதிட்டேனேம்மா, இப்ப மாத்தினா என்னை என்ன சொல்வாங்க" என்றார். நல்ல மனிதர், பயந்த மனிதர். போகும்போது யார் காதிலும் விழாத குரலில், "பொருந்தத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் வம்பு நமக்கு எதற்கு என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இது எப்போது ஊர் வம்பு ஆனது. நான் போட்ட நம்பர், நான் செய்த பிழை, நான் இருக்கிற தெரு. என் கையால் நடந்ததை நானே பூசி மெழுகிவிட்டு உங்கள் புது வீட்டில் வந்து குடியேற வேண்டுமா. தையல்கார அக்கா முகத்தைக் கனவில்கூடப் பார்க்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் இந்தக் கல்லுக்கு எதிரி இல்லை. பத்து வருடமாக அதைக் கழுவி அடுக்குகிறவள். இங்கே மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்து, அமிலம் ஊற்றி உரமாக்கி அனுப்புகிறோம். அந்த மூட்டை போய்ச் சேராத வயல் குறைவு. மகளின் எலும்பு சேர்ந்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் நினைவிருக்கிறதா? எலும்பு நொறுங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு இதே சரக்கைச் சுத்தமாகத் தயாரித்து அடைக்கிறார்கள், எலும்பு அதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்றார். என் சமையலறைக்கு அடியில் ஐந்து மீட்டரில் அது உண்மையிலேயே இருந்தால், சண்டை போட்டாவது பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இல்லாத கல்லுக்காகக் கிளம்ப மாட்டேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் வாங்கித் தந்த நீலப்பச்சைத் தோடு இருக்கிறதே, அதுவும் அபடைட்தான் என்று இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டேன். விற்றவன் ஏதோ பெரிய ரத்தினத்தின் பெயரைச் சொல்லி உங்கள் தலையில் கட்டியிருக்கிறான். பார்க்க எதைப் போல வேண்டுமானாலும் இருக்கும், பேனாக்கத்தியை அழுத்தி இழுத்தால் கோடு விழுந்துவிடும். ஒரு வருடத்தில் முகமெல்லாம் கீறல். உங்கள் மனம் நோகும் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்துவிட்டேன் என்று நாளைக்குச் சொல்லக்கூடாது, அதனால் எழுதுகிறேன். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கொடுத்த பதிலின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காதவள்


(நகல்)

மேலாளர் அவர்களுக்கு,

பதினேழாம் துளை குறித்துத் தாங்கள் கேட்ட விளக்கத்தைப் பணிவுடன் தருகிறேன்.

பன்னிரண்டு பெட்டிகளுக்கும் நம்பர் போட்டது நான். அவற்றைத் தலைகீழாகப் போட்டதும் நான். துளைத்தவர் கட்டைகளில் ஆணியால் கீறவில்லை என்பது உண்மை. ஆனால் எழுத்து அழிந்திருந்தால் முறிவுகளைச் சேர்த்துப் பார்த்து வரிசை கண்டுபிடிப்பது மாதிரிக் கொட்டகையின் வேலை. அது என் வேலை. ஆகையால் பிழையை அவர் பெயரில் எழுதச் சம்மதிக்க முடியாது.

பிழை இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்திடவும் முடியாது. பிழை இருக்கிறது.

பெட்டிகள் கொட்டகையில் உள்ளன. யார் வேண்டுமானாலும் வந்து பொருத்திப் பார்க்கலாம். மொத்தம் பதினோரு முறிவுகள். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

பெட்டிகள் வந்த அன்று மாலையில் கொட்டகையில் என்ன நடந்தது என்பது தங்களுக்கும் தெரியும். அதைத் தாங்களே விளக்குவதுதான் முறை என்பதால் நான் இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
மாதிரிக் கொட்டகைப் பொறுப்பாளர்


அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நோட்டு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். சரி, அனுப்பினீர்களே, அதுவே பெரிது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

தலைமை ஆபீசிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவியாக வந்தது ஓர் அம்மா. நரைமுடி, காலில் நம்மைப் போலவே தூசு படிந்த பூட்ஸ். அந்த பூட்ஸைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கொட்டகை வாசலில் மேசை போட்டு, துணி விரித்து, நடுவில் கண்ணாடிப் பெட்டி. படிகத்தை எடுத்து வைப்பது என் பொறுப்பு என்று மேலாளரே சொல்லியிருந்தார் அல்லவா. என் விளக்கக் கடிதத்தைப் படித்த பிறகும் அதை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. நானும் குறை வைக்கவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஓர் அட்டையும் எழுதி வைத்தேன். "மேல் பாதி: இரண்டாம் பெட்டியின் கடைசித் துண்டு. கீழ்ப் பாதி: முதல் பெட்டியின் முதல் துண்டு."

மேலாளர் திட்டத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி, "இருங்க. முதல் பெட்டிக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். மேலாளர் அவசரமாக முந்திக்கொண்டார். அட்டை எழுதியதில் ஏதோ கைப்பிசகு, சரி செய்துவிடலாம் என்றார். நான் முன்னால் வந்து, அட்டை சரி, பெட்டிதான் தப்பு, அந்தத் தப்பைச் செய்தது நான் என்று சொன்னேன். முழுவதையும் சொல்லி முடித்தேன்.

பன்னிரண்டு பெட்டியையும் வெளியே முற்றத்தில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். என் வரிசைப்படி அடுக்கினால் ஒரு முறிவுகூடச் சேரவில்லை. திருப்பி அடுக்கினோம். யாரும் சொல்லாமலே கண்ணாடிக்காரர் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டையெல்லாம் தூசி. ஒவ்வொரு முறிவாக எடுத்துச் சேர்த்து, "பொருந்துது" என்று சத்தமாகச் சொன்னார். வேலிக்கு வெளியே நம் தெரு மொத்தமும் நின்றது. தையல்கார அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்திருந்தார், கண்ணாடிக்காரர் சொல்லச் சொல்ல விரல் விட்டு எண்ணினார். பதினோரு முறிவு, பதினோரு தடவையும் பொருந்தியது. கடைசித் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்காரர் எழுந்தார். "என் ரிப்போர்ட்டும் தப்புதான் மேடம்" என்று அவரே சொன்னார்.

நோட்டீசை நிறுத்தி வைத்துவிட்டார்கள். குழாயடியில் சரிபார்க்க இன்னொரு துளை போடப் போகிறார்கள், அதில் தெரிவதுதான் முடிவு. என்னைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அந்த அம்மா கூசாமல் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "நீ சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா தப்பு தப்புதான், விசாரணை உண்டு." நானும் அதையேதான் இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்றேன். சிரித்துவிட்டார். மேலாளருக்கும் விசாரணை உண்டாம். இந்தத் தடவை சரி சரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. தெருவில் யாரும் கை தட்டவில்லை, மாலை போடவில்லை. தையல்கார அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். வழியில் ஒரே ஒரு தடவை, "தப்புப் பண்ணினது நீதானா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அடிப்பாவி" என்று சொல்லிவிட்டுக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இனி நோட்டு. துளைத்தவரின் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். அப்போது நோட்டு என் பைக்குள்தான் இருந்தது. ஐம்பத்தொன்றாவது மீட்டரில் தண்ணீர் பச்சை வெளுப்பு, கல் இளகல் என்று உங்கள் கோழிக்கிறுக்கலில் தெளிவாக இருக்கிறது. எடுத்துக் கொடுத்திருந்தால் என் பக்கம் இன்னும் பலமாகியிருக்கும். கொடுக்கவில்லை. அதே பக்கத்தின் அடியில் வேறு மூன்று வரி இருக்கிறது. நீங்கள் மறந்திருப்பீர்கள். "அறுபது. முடிந்தது. பாப்பா கை. ஆஸ்பத்திரி. மணி ஆறு, அவள் வரவில்லை. ஆறரை, இன்னும் வரவில்லை." ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை ஊருக்கு நடுவில் விரித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. துளைத்தவர் நேரில் வருவார், அவரே கொண்டு வருவார் என்று சொல்லிவிட்டேன்.

எங்கே இருந்தேன் என்று இப்போது சொல்கிறேன். கொட்டகையில் இருந்தேன். மகள் விழுந்த சேதி ஐந்தரைக்கே எனக்கு வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது, மேலாளர் குறுக்கே வந்து நின்றார். "நாளைக்குக் காலைல ரிப்போர்ட் போகணும். நம்பர் போட்டுட்டுப் போ. உன் புருஷன்தான் அங்க இருக்கானே" என்றார். அவர் சொன்னது ஒரு புறம் இருக்கட்டும். தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை. பிரஷை எடுத்தேன். மழையில் நனைந்த பெட்டிகள் மேல் ஒன்று, இரண்டு என்று போட்டேன். பிள்ளை அங்கே வலியில் துடிக்கும்போது இங்கே நின்று நம்பர் போட்டேன், அதையும் தப்பாகப் போட்டேன். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பியது நியாயம்தான் என்று தோன்றியதால்தான் அவ்வளவு வீம்பாக இருந்தேன்.

அந்தத் தாளில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மேலாளர் சொன்னதற்கு ஒரு தடவை தலையாட்டிய கடனே இன்னும் தீரவில்லை, அதனால்தான்.

புதுத் துளைக்கு ஆள் வேண்டும் என்று உங்கள் முகாமுக்குச் செய்தி வரும். வேறு யாராவது பெயர் கொடுக்கும் முன் நீங்கள் கொடுங்கள். சாக்பீசைத் தொடக்கூடாது, முதல் கட்டையிலிருந்தே ஆணிதான். கம்பெனி வேலிக்கு உள்ளே போக எனக்கு இப்போது அனுமதி இல்லை. ஆனால் குழாயடி வேலிக்கு வெளியேதான் இருக்கிறது, அங்கே குடத்தோடு நிற்க எவன் அனுமதியும் தேவையில்லை. நின்று ஒவ்வொரு பெட்டியையும் பார்ப்பேன். பத்து மீட்டருக்குள் பச்சை வந்துவிட்டால் முதல் ஆளாக நானே பாத்திரத்தைக் கட்டுகிறேன்.

வாருங்கள். துளைக்காக வருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வந்ததும் முதலில் மகளின் கையைப் பிடித்துத் தடவிப் பாருங்கள். எந்த இடத்தில் முறிந்தது என்று எனக்கே இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
அன்று தாமதமாக வந்தவள்